மாமரத்தின் பூஞ்சாண நோய்கள்: பூஞ்சாணக்கொல்லியையும் தாவரச் சாற்றையும் எங்கே, எப்போது பயன்படுத்துவது

பழுக்க வைத்த மாம்பழத்தின் தோலில் முதலில் சிறு கறுப்புப் புள்ளிகளாகத் தோன்றி, ஓரிரு நாளில் ஒன்றோடொன்று கூடிக் குழிவிழும் அழுகலைப் பார்க்கும்போதுதான் பலருக்கும் பூஞ்சாணத்தின் நினைவு வருகிறது. ஆனால் அந்த அழுகலுக்குக் காரணமான வித்து (பூஞ்சாணம் பரவ உதவும் நுண்துகள்), பெரும்பாலும் அந்தப் பழம் சிறு பிஞ்சாக இருந்த காலத்திலேயே அதன் மேல் வந்து இறங்கியிருக்கும். காய் பச்சையாக இருக்கும்வரை தோலிலுள்ள ரெசார்சினால் வகைச் சேர்மங்கள் பூஞ்சாணத்தை வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கின்றன. பழுக்கத் தொடங்கியதும் அவற்றின் அளவு குறைய, அதுவரை உறங்கிக் கிடந்த பூஞ்சாணம் விழித்துச் சதைக்குள் இறங்குகிறது. காய் முற்றிய பிறகு எவ்வளவு விலையுயர்ந்த மருந்தைத் தெளித்தாலும் பலன் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே எந்த மருந்து என்று கேட்பதற்கு முன் எப்போது என்று கேட்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரசாயனம் ஒரு சொட்டுகூடக் கூடாது என்பவருக்கும், தாவரச் சாறெல்லாம் வெறும் பச்சைத் தண்ணீர் என்பவருக்கும் இக்கட்டுரை முழு நிறைவு தராது. இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதும், இடம் மாறினால் இரண்டுமே ஏமாற்றும் என்பதும் என் கருத்து. இங்கே தரப்படும் அளவுகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளவை. எனினும் வாங்கிய மருந்தின் லேபிளில் மாமரத்துக்கென அச்சிடப்பட்டுள்ள அளவையே இறுதியாகக் கொள்ளவும். ஒரு நாட்டில் அனுமதிக்கப்பட்ட மருந்து இன்னொரு நாட்டில் அனுமதி இழந்திருக்கலாம். எடுத்துக்காட்டாக, மேங்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லிக்கான அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் முடிவெடுத்தது. கார்பென்டாசிம் என்ற இன்னொரு மருந்துக்கும் அங்கே இப்போது அனுமதி இல்லை. பழத்தை ஏற்றுமதி செய்பவர்கள் வாங்கும் நாட்டின் எச்ச வரம்பை (பழத்தில் மிஞ்ச அனுமதிக்கப்படும் மருந்தின் அளவை) பார்த்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: நோயைச் சரியாக இனம் காணுதல்

தெளிப்பில் வீணாகும் பணத்தின் பெரும்பகுதி, தவறாக இனம் கண்ட நோய்க்காகச் செலவிட்ட பணம்தான். மாமரத்தில் அடிக்கடி காணப்படும் பூஞ்சாண நோய்களுள் ஆந்த்ராக்னோஸும் சாம்பல் நோயும் முதன்மையானவை. இரண்டும் பூக்கும் பருவத்தில் தாக்கினாலும், இரண்டும் விரும்பும் வானிலை வேறு.

ஆந்த்ராக்னோஸ் நோயை உண்டாக்குவது கொலிட்டோட்ரைக்கம் கிளியோஸ்போரியாய்ட்ஸ் என்ற பூஞ்சாணமும் அதற்கு நெருக்கமான சில இனங்களும் ஆகும். தொடக்கத்தில் சொன்ன பழ அழுகலும் இந்த நோய்தான். இளந்துளிரில் ஒழுங்கற்ற பழுப்பு முதல் கறுப்பு நிறப் புள்ளிகளும், பூங்கொத்தின் காம்புகளில் ஊசிமுனை அளவுக் கறுப்புப் பொட்டுகளும் தோன்றும். பொட்டுகள் விரிந்து கூடினால் பூக்கள் கருகி உதிரும். காயில் காம்புப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்த தடம் போலக் கறை இறங்கியிருந்தால், மழைநீரோடு வித்துகள் வழிந்த பாதை அது என்று கொள்ளலாம். இப்பூஞ்சாணத்தின் வித்துகள் முளைக்க இலையின் மேல் ஈரம் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். மழைத்துளி தெறிப்பதன் மூலமே அவை கிளைக்குக் கிளை பரவுகின்றன.

சாம்பல் நோய் இதற்கு நேர்மாறானது. ஓய்டியம் மாஞ்சிஃபெரே எனப் பெயர்பெற்ற இப்பூஞ்சாணத்தின் வித்துகள் காற்றில் பறப்பவை. முளைக்க நீர்த்துளி தேவையில்லை. குளிர்ந்த இரவும் மிதமான வெப்பமுள்ள வறண்ட பகலும் சேர்ந்தால் போதும், பூங்கொத்தின் நுனியிலிருந்து கீழ்நோக்கி மாவைத் தூவியது போன்ற வெண்படலம் விரைந்து படரும். படலம் மூடிய பூக்கள் விரியாமலேயே உதிரும். பிஞ்சு பிடித்திருந்தாலும் தோல் சொரசொரப்பாகி விழுந்துவிடும்.

ஆகவே பூக்கும் பருவத்தில் மழையோ கடும்பனியோ இருந்தால் ஆந்த்ராக்னோஸையும், மழையின்றிக் குளிர் மட்டும் இருந்தால் சாம்பல் நோயையும் முதலில் ஐயுற வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்திருப்பவர் தேவையற்ற தெளிப்புகளில் பாதியையாவது தவிர்த்துவிடுவார்.

ஐயம் தீராவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புள்ளி விழுந்த இலையையோ கருகிய பூங்காம்பையோ நீரில் அலசி, ஈரமாக்கிய காகிதம் விரித்த ஒளிபுகும் டப்பாவில் வைத்து மூடி, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகு கைலென்ஸால் பார்த்தால், கருகிய பகுதியின் மேல் வெளிர் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் பிசுபிசுப்பான நுண்ணிய துளிகள் எழுந்திருக்கும். அவையே கொலிட்டோட்ரைக்கத்தின் வித்துத் திரள்கள். ஒரு துளியை ஊசிமுனையால் தொட்டு நீரில் விட்டால் அது உடனே கரைந்து கலையும். ஒரே மழையில் நோய் எப்படி மரம் முழுவதும் பரவுகிறது என்பதை அந்தக் காட்சியே சொல்லிவிடும்.

பூஞ்சாணம் போலத் தோன்றினாலும் பூஞ்சாணம் அல்லாத இரண்டை இங்கேயே விலக்கிவிட வேண்டும். இலை நரம்புகளுக்கு இடையே கோணல்மாணலாக, நீர் கோத்தது போலத் தொடங்கிப் பின்னர் மேடாகக் கறுக்கும் புள்ளிகள் பாக்டீரியாவால் வருபவை. இலையில் துரு நிறத்தில் வெல்வெட் போன்ற வட்டத் திட்டுகள் எழுந்து, நகத்தால் சுரண்டினால் வந்துவிடுமானால் அது பாசியால் வரும் செந்துரு நோய். இவ்விரண்டிலும் செம்பு மருந்துகளுக்கு ஓரளவு வேலை உண்டு. படி 3-இல் வரும் ட்ரையசோல் வகைப் பூஞ்சாணக்கொல்லிகளை எத்தனை முறை தெளித்தாலும் பயனில்லை.

படி 2: வித்துகளின் இருப்பிடத்தைக் குறைத்தல்

முந்தைய பருவத்தில் கருகி மரத்திலேயே தொங்கும் பூங்கொத்துகள், காய்ந்த நுனிக்கிளைகள், உதிர்ந்த நோயுற்ற இலைகள் ஆகியவைதான் அடுத்த பருவத்துக்கான வித்துகளின் கிடங்கு. அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து இவற்றை அகற்றி எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். மரத்தின் நடுப்பகுதியில் வெயில் இறங்கும்படி கிளைகளைத் திறந்துவிட்டால், காலைப் பனி இலையில் நிற்கும் நேரம் குறைகிறது. ஆந்த்ராக்னோஸைப் பொறுத்தவரை அந்த நேரக் குறைவு ஒரு தெளிப்புக்கு ஈடான பலனைத் தரக்கூடியது. தெளிக்கும் மருந்து உள்கிளைவரை சென்று சேர்வதற்கும் இதுவே வழி.

படி 3: மருந்துகளின் குடும்பத்தை அறிதல்

கடையில் எத்தனை வணிகப் பெயர்கள் இருந்தாலும், மாமரத்துக்குப் பயன்படும் பூஞ்சாணக்கொல்லிகளை முதலில் இரண்டாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தொடு பூஞ்சாணக்கொல்லிகள். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம், 2 முதல் 2.5 கிராம் மேங்கோசெப், 2.5 முதல் 3 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு, 1 சதவீத போர்டோ கலவை ஆகியவை இதில் அடங்கும். இவை இலையின் மேல் படலமாக நின்று, வந்து இறங்கும் வித்தை முளைக்கவிடாமல் தடுப்பவை. ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சாணத்தை இவை எட்டா. கனமழை பெய்தால் படலம் கரைந்துபோகும். தெளித்த பின் விரிந்த புதுத் துளிருக்குப் பாதுகாப்பே இராது. ஆனால் இவை பூஞ்சாணத்தின் உயிரணுவில் ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குவதால், எதிர்ப்புத்திறன் உருவாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

இரண்டாம் வகை, திசுவுக்குள் ஊடுருவும் மருந்துகள். இதில் மாமரத்துக்கு அதிகம் பயன்படும் குடும்பங்கள் மூன்று: கார்பென்டாசிம், தயோபனேட் மீத்தைல் போன்ற பென்சிமிடசோல்கள், ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்ற ட்ரையசோல்கள், அசாக்ஸிஸ்ட்ரோபின் போன்ற ஸ்ட்ரோபிலூரின்கள். 50 சதவீதத் தூளாக வரும் கார்பென்டாசிம் லிட்டருக்கு 1 கிராமும், 5 சதவீத ஹெக்சகோனசோல் 1 மில்லியும், 23 சதவீத அசாக்ஸிஸ்ட்ரோபின் 1 மில்லியும் வழக்கமான அளவுகள். தொற்று நிகழ்ந்து ஓரிரு நாளுக்குள் தெளித்தால் உள்ளே புகுந்த பூஞ்சாணத்தையும் இவை நிறுத்தக்கூடும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இவற்றைத் தெளிப்பதற்குப் பொருள் உண்டு. ஒரு வாரம் கழித்துத் தெளிப்பதற்கு இல்லை.

இவ்வகையின் பலவீனம், இவை ஒவ்வொன்றும் பூஞ்சாணத்தின் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைப்பதுதான். ஸ்ட்ரோபிலூரின்கள் தாக்கும் சைட்டோகுரோம் பி புரதத்தில் 143-ஆம் இடத்திலுள்ள ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து பலனற்றுப் போகிறது. அப்படி மாறிய ஒரு சில வித்துகள் தோப்பில் இருந்து, அதே மருந்தை நாம் நான்கைந்து முறை தொடர்ந்து தெளித்தால், மற்றவை அழிந்து அவை மட்டுமே பெருகும். எனவே ஒரே குடும்ப மருந்தை அடுத்தடுத்துத் தெளிக்காமலும், ஒரு பருவத்தில் இரு முறைக்கு மேல் பயன்படுத்தாமலும் இருப்பது நல்லது. வணிகப் பெயரை மாற்றினால் குடும்பம் மாறிவிட்டதாகப் பொருள் இல்லை. பெயர் மாறி உட்பொருள் மாறாத இரண்டு டப்பாக்களைச் சுழற்சி முறை என நம்பி மாறி மாறித் தெளிப்பவர்கள் நிறையப் பேர். டப்பாவில் சிறிய எழுத்தில் உள்ள உட்பொருளின் பெயரைப் படிக்கும் பழக்கம் அவசியம்.

இடையில் ஒரு செய்தி. ஸ்ட்ரோபிலூரின் என்ற பெயர், பைன் மரக் கூம்புகளின் மேல் வளரும் ஸ்ட்ரோபிலூரஸ் என்ற சிறு காளானிலிருந்து வந்தது. அக்காளான் தன் போட்டிப் பூஞ்சாணங்களை விரட்டச் சுரந்த பொருள் வெயிலில் விரைவில் சிதைந்ததால், அதன் கட்டமைப்பை மாற்றி வெயில் தாங்கும்படி செய்ததுதான் 1990-களில் சந்தைக்கு வந்த அசாக்ஸிஸ்ட்ரோபின். தாவரச் சாறுகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தியை நினைவில் கொள்ளுங்கள். அவற்றின் சிக்கலும் இதேதான்.

படி 4: போர்டோ கலவையைப் பிழையின்றித் தயாரித்தல்

திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராகப் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற தாவரவியல் அறிஞர் 1885-இல் வெளியிட்ட இக்கலவை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தயாரிப்பு எளிது என்று தோன்றினாலும், தோல்வி நிகழ்வது தயாரிப்பில்தான்.

10 லிட்டர் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் சுட்ட சுண்ணாம்பும் தேவை. நீற்றிய சுண்ணாம்புத் தூளாக இருந்தால் 130 கிராம் எடுக்க வேண்டும்.

1. மயில்துத்தத்தைப் பொடித்துத் துணியில் கட்டி, 5 லிட்டர் நீர் உள்ள பிளாஸ்டிக் வாளியின் மேற்பரப்பில் மூழ்கும்படி முதல் நாள் இரவே தொங்கவிடவும். அடியில் கொட்டினால் கரைய வெகுநேரம் ஆகும். இரும்பு, தகரப் பாத்திரங்கள் கூடாது.

2. சுண்ணாம்பில் சிறிது சிறிதாக நீர் தெளித்து நீற்றி, ஆறிய பிறகு 5 லிட்டர் நீரில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டவும். வடிகட்டாவிட்டால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

3. நீலக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக்கொண்டே மரக்கோலால் கலக்கவும். மாற்றி ஊற்றினால் துகள்கள் பெரிதாகத் திரண்டு, இலையில் ஒட்டாமல் அடியில் தங்கிவிடும்.

4. துருவில்லாத இரும்புக் கத்தியையோ பளபளப்பாகத் தேய்த்த ஆணியையோ கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுக்கவும். அதன் மேல் செம்பு நிறம் படிந்தால் கலவையில் கரைந்த செம்பு மிச்சம் இருக்கிறது. அப்படியே தெளித்தால் இலை கருகும். செம்பு படியாத நிலை வரும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்கவும்.

நல்ல கலவை வானீல நிறத்தில், கலக்கி வைத்தால் மெதுவாகவே தெளியும். அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் ஒட்டும் தன்மை போய்விடும். இதே பொருள்களைத் தலா 100 கிராம் எடுத்து 1 லிட்டர் நீரில் கலந்தால் வெட்டுவாயில் பூசும் போர்டோ பசை கிடைக்கும். பழைய சுண்ணாம்பை நம்பி ஆணிச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, ஒரு வரிசைக் கன்றுகளின் துளிரைக் கருக்கிய அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகு ஆணி எப்போதும் சட்டைப் பையில்தான்.

போர்டோ கலவை, செம்பு மருந்துகள் ஆகியவற்றை விரிந்த பூக்களின் மேல் தெளிக்க வேண்டாம். பூக்கும் முன்னும் அறுவடைக்குப் பின்னும்தான் அவற்றின் காலம்.

படி 5: தாவரச் சாறுகள், அவற்றின் பலமும் எல்லையும்

பூண்டு, வேம்பு, துளசி, மருதாணி, உண்ணிச்செடி, சீமைக்கருவேல், மஞ்சள், இஞ்சி எனப் பல தாவரங்களின் சாறுகள் கொலிட்டோட்ரைக்கத்தின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அச்சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு சரியான அளவில் நிற்கும். பூஞ்சாணம் வளரும் அகர் ஊடகத்திலேயே சாற்றைக் கலந்து, நடுவில் பூஞ்சாணத் துண்டு ஒன்றை வைத்து, அது எவ்வளவு விட்டத்துக்குப் படர்கிறது என்று அளப்பார்கள். அங்கே பூஞ்சாணம் தப்பிக்க இடமில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, சாறு எங்கும் வழிந்தோடுவதும் இல்லை. தோப்பிலோ, தெளித்த சாற்றின் வீரியமுள்ள பொருள் வெயிலில் சில நாட்களிலேயே சிதைந்துவிடும். நடுவில் ஒரு மழை வந்தால் அதுவும் மிஞ்சாது. ஆய்வகத்தில் 80 சதவீதம் தடுத்தது என்ற எண்ணைத் தோப்பில் 80 சதவீதக் கட்டுப்பாடு என்று படிப்பது பெரும் பிழை.

இன்னொரு குழப்பம் சதவீதத்தைப் பற்றியது. சிலர் 100 கிராம் இலையை அரைத்து நீர் சேர்த்து 1 லிட்டராக்கினால் 10 சதவீதம் என்பார்கள். வேறு சிலர் இலையைச் சம அளவு நீரில் அரைத்து வடித்ததை 100 சதவீதம் எனக் கொண்டு, அதில் 100 மில்லியை 1 லிட்டராக்கி 10 சதவீதம் என்பார்கள். முன்னதில் உள்ள இலையின் அளவு பின்னதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. எந்தப் பரிந்துரையைப் பின்பற்றினாலும் எந்தக் கணக்கு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பூண்டுச் சாறு: பூண்டின் வீரியத்துக்குக் காரணமான அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. பல் நசுங்கும்போது அல்லின் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் ஒன்றுசேர்ந்த பிறகே அது உருவாகிறது. எனவே கொதிநீரில் போட்டு வேகவைத்தால் நொதி அழிந்து, மணம் மட்டுமே மிஞ்சும். 100 கிராம் பூண்டைப் பச்சையாக நசுக்கி, 10 நிமிடம் அப்படியே விட்டு, பிறகு நீர் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி 2 லிட்டராக்கினால் 5 சதவீதச் சாறு கிடைக்கும். சிறிது காதி சோப்புக் கரைசலைச் சேர்த்து அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். அல்லிசின் நிலைத்து நிற்காது.

வேப்பங்கொட்டைச் சாறு: 10 லிட்டருக்கு 500 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 10 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் 5 சதவீதச் சாறு. விதை 8 மாதங்களுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. இது முதன்மையாகப் பூச்சிகளுக்கானது. பூஞ்சாணத்தின் மேல் இதன் நேரடி விளைவு மிதமானதே. ஆனால் தத்துப்பூச்சியைக் குறைப்பதன் மூலம், அது கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் படரும் கரும்பூஞ்சையையும் குறைப்பதால் மாந்தோப்பில் இதற்கு இரட்டை மதிப்பு. வேம்பின் அசாடிராக்டின் காரத்தன்மையில் சிதைவதால் போர்டோ கலவையோடு இதைச் சேர்க்கக் கூடாது.

வேப்பெண்ணெயும் கந்தகமும் அடுத்தடுத்து வரக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் படலத்தின் மேல் கந்தகம் விழுந்தால் இலையும் பூவும் வெந்தது போலாகும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரமாவது இருக்கட்டும்.

எலுமிச்சைப்புல், கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்களில் உள்ள சிட்ரால், யூஜினால், சின்னமால்டிஹைடு ஆகியவை பூஞ்சாணத்தின் மேல் வலிமையானவை. பூவின் மேலும் அப்படியே. லிட்டருக்கு 1 மில்லிக்கு மேல் போகாமல், எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் குழம்பாக்கி சேர்த்து நன்கு குலுக்கி, முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்து 48 மணி நேரம் கழித்துப் பார்த்த பிறகே மரத்துக்குப் போகவும். இந்த ஒரு கிளைச் சோதனை வீட்டில் தயாரிக்கும் எல்லாச் சாறுகளுக்கும் பொருந்தும். ஊமத்தைச் சாற்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள்; அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை மனிதருக்குக் கடும் நஞ்சு என்பதால், உண்ணும் காயின் மேல் அதைத் தெளிப்பதை நான் ஏற்பதில்லை. தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

அப்படியானால் சாறுகளுக்கு எது இடம்? நோய் அழுத்தம் குறைவான வறண்ட பருவத்தில் இரு இரசாயனத் தெளிப்புகளுக்கு நடுவிலும், நாற்றங்காலின் இளந்துளிரிலும், காத்திருப்புக் காலம் (கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள்) காரணமாக மருந்து தெளிக்க முடியாத அறுவடைக்கு முந்தைய வாரங்களிலும் அவை பயன்படும். 5 முதல் 7 நாளுக்கு ஒரு முறை தெளிக்க வேண்டும். மழையோடு பூக்கும் ஆண்டில், சென்ற ஆண்டு கருகிய தோப்பில், சாற்றை மட்டும் நம்புவது விளைச்சலை வைத்து ஆடும் சூதாட்டம்.

படி 6: பூப்பருவத் தெளிப்பு

மாதத்தைக் கணக்கிட்டுத் தெளிப்பதைவிட மரத்தின் நிலையைப் பார்த்துத் தெளிப்பதே சரி. பூங்கொத்து வெளிப்பட்டதிலிருந்து வாரம் இருமுறை தோப்பின் குறுக்காக நடந்து, 10 மரங்களில் மரத்துக்கு 10 பூங்கொத்துகளைக் கைலென்ஸோடு பார்த்துவருவது போதுமானது.

பூங்கொத்து 5 முதல் 8 செ.மீ. நீளம் வந்ததும் முதல் தெளிப்பு. வறண்ட குளிர் நிலவினால் நனையும் கந்தகம், மழையோ மூடுபனியோ இருந்தால் மேங்கோசெப். கந்தகத்தைக் கடும் வெயிலில் தெளிக்கக் கூடாது. வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் அது பூவைக் கருக்கிவிடும். இந்த முதல் தெளிப்பு தவறினால், பின்னர் வரும் எதுவும் அதன் இடத்தை நிரப்பாது.

10 முதல் 15 நாள் கழித்து, பூக்கள் விரிவதற்குச் சற்று முன்பாக இரண்டாம் தெளிப்பு. சாம்பல் நோய்க்கு ஹெக்சகோனசோல் பொருத்தமானது. இரு நோய்களுமே அச்சுறுத்தினால் அசாக்ஸிஸ்ட்ரோபின் இரண்டையும் கட்டுப்படுத்தும்.

பூக்கள் முழுமையாக விரிந்திருக்கும் நாட்களில் இயன்றவரை தெளிப்பானைத் தொடாதீர்கள். மாவின் மகரந்தச் சேர்க்கையில் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு, தேனீக்களும் வரும். தொடர்மழையால் தெளித்தே தீர வேண்டும் என்றால், பூச்சி மருந்து எதையும் கலக்காமல், பூச்சிகளின் நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளிக்கலாம்.

பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் மூன்றாம் தெளிப்பு. இரண்டாம் தெளிப்பில் எந்தக் குடும்பத்தைப் பயன்படுத்தினீர்களோ, அதை விட்டு வேறு குடும்பத்துக்கு மாறவும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன உறங்கும் தொற்று நுழையும் வாசல் இப்பருவத்தில் அகலத் திறந்திருக்கிறது. இதற்குப் பின், மழை தொடர்ந்தால் 14 நாள் இடைவெளியில் தொடு மருந்து; வறண்டிருந்தால் தாவரச் சாறே போதும், பல நேரங்களில் அதுவும் தேவைப்படாது. காய் முட்டை அளவு வந்ததும் காகித உறை இடக்கூடிய சிறு தோப்புகளில், அதன் பிறகு தெளிப்பின் தேவை பெரிதும் குறைந்துவிடும். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தை ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது.

படி 7: தெளிக்கும் முறை

முதலில் ஒரு மரத்துக்கு வெறும் நீரைத் தெளித்து, இலை நுனியில் துளி சொட்டத் தொடங்கும் நிலைவரை எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த அளவு தெரியாமல் ஏக்கருக்கு இவ்வளவு என்று கலப்பவர் மருந்தை மண்ணுக்கு வார்க்கிறார் அல்லது உச்சிக்கிளைகளைப் பட்டினி போடுகிறார். தொட்டியில் பாதி நீர் நிரப்பி, தூள் மருந்தைத் தனியே குழைத்து ஊற்றி, அதன் பின் திரவ மருந்தையும் கடைசியாக ஒட்டும் திரவத்தையும் சேர்த்து மீதி நீரை நிரப்பவும். உள்ளிருந்து வெளியே, மேலிருந்து கீழே என்ற வரிசையில், இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளிக்கவும். கையுறை, முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவை தாவர எண்ணெய்களுக்கும் கந்தகத்துக்கும்கூடத் தேவை. காலியான டப்பாவை மும்முறை அலசி, அந்த நீரைத் தொட்டியிலேயே ஊற்றி, டப்பாவைத் துளையிட்டு அப்புறப்படுத்தவும்.

படி 8: தனி வழி கேட்கும் நோய்கள்

கரும்பூஞ்சை இலையைத் தின்பதில்லை. தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவை கழிக்கும் இனிப்புத் திரவத்தின் மேல் படர்ந்து, வெயிலை மறைக்கிறது. பூச்சியை விட்டுவிட்டுப் பூஞ்சாணக்கொல்லி தெளிப்பதில் பயனில்லை. பூச்சி அடங்கிய பின் கறுப்புப் படலத்தை உரிக்க எளிய வழி ஒன்று உண்டு: 1 கிலோ மைதாவையோ ஸ்டார்ச்சையோ 5 லிட்டர் நீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் 20 லிட்டராக்கி, மேகமூட்டம் இல்லாத நாளில் தெளிக்க வேண்டும். பசை வெயிலில் காய்ந்து சுருங்கும்போது கறுப்புப் படலமும் அதோடு சேர்ந்து செதில் செதிலாக உரிந்து காற்றில் பறக்கும். அடியில் இலை பச்சையாகத் தெரியும்.

நுனிக்கருகல் நோயில் கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காயும். வெட்டிப் பார்த்தால் கட்டையில் பழுப்புக் கோடு தெரியும். கோடு மறையும் இடத்துக்கும் கீழே 7 முதல் 10 செ.மீ. விட்டு வெட்டி, உடனே போர்டோ பசை பூசவும். பட்டையில் நுண்துளைகளும் மரத்தூளும் பிசினும் சேர்ந்து காணப்பட்டு மரம் திடீரென வாடினால், அது வண்டுகளோடு பரவும் செரட்டோசிஸ்டிஸ் வாடலாக இருக்கலாம். அதற்குப் பசை பூசுவதில் பயனில்லை, பாதித்த மரத்தை அகற்றுவதே மற்ற மரங்களைக் காக்கும்.

பூங்கொத்து காலிபிளவர் போலத் திரண்டு, பூத்தும் காய்க்காமல் நிற்பது ஃபியூசேரியம் மாஞ்சிஃபெரே உண்டாக்கும் உருக்குலைவு நோய். தெளிப்பால் இது தீர்வதில்லை. திரண்ட கொத்தைக் குறைந்தது 30 செ.மீ. கிளையோடு வெட்டி எரித்து, ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். நோயுற்ற மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுப்பதே இது புதுத் தோப்புகளுக்குப் பரவும் முக்கிய வழி.

படி 9: பறித்த பின்

காயை 1 செ.மீ.க்குக் குறையாத காம்போடு பறித்து, தரையில் விழவிடாமல், பால் தோலில் படாதபடி வடியவிட வேண்டும். காம்பு அழுகலை உண்டாக்கும் லேசியோடிப்ளோடியா காம்பின் வழியேதான் உள்ளே வருகிறது. காம்பு ஒடிந்த காய் அதற்குத் திறந்த கதவு.

உறங்கும் ஆந்த்ராக்னோஸுக்கு எதிராக, பறித்த பின் செய்யக்கூடியவற்றுள் வெந்நீர் முக்குதலே மிகவும் நம்பகமானது. பறித்த அன்றோ மறுநாளோ, 52 டிகிரி செல்சியஸ் நீரில் 10 நிமிடம் காய்களை மூழ்கவைத்து, எடுத்துச் சாதாரண நீரில் ஆறவிட்டு, நிழலில் காயவைக்க வேண்டும். கையால் தொட்டுச் சூட்டைக் கணிப்பது உதவாது. இரண்டு டிகிரி குறைந்தால் பூஞ்சாணம் பிழைக்கும், நான்கைந்து டிகிரி கூடினால் தோல் வெந்து பழுப்பாகும். குளிர்ந்த காய்களை உள்ளே விட்டதும் நீரின் சூடு இறங்கிவிடும் என்பதால், காயின் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வைத்து, வெப்பமானியைக் காய்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, சூடு மீண்டும் 52-க்கு ஏறிய பிறகே நிமிடக் கணக்கைத் தொடங்கவும். முற்றாத காயும் ஏற்கெனவே நிறம் மாறத் தொடங்கிய காயும் இந்தச் சூட்டைத் தாங்குவது கடினம். அவற்றை முன்பே பிரித்து வைத்துவிட வேண்டும்.